பட்டாளத்துத் துப்பாக்கி வேட்டைக்குப் போன கதை

‘த்ரீ-நாட்-த்ரீ’ என்று சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கு அது ஏதோ பஸ் நம்பர் போலத் தோன்றும். குளுவாங், லாபிஸ், சிகாமட், ரெங்கம் வட்டாரத் தோட்டங்களில் 1948-க்கும் 1960-க்கும் இடையே பால் வெட்டியவர்களுக்கு அப்படியல்ல. அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி இருந்தது. காலையில் வேலைக்காட்டுக்குப் போகுமுன் வேலிக் கதவருகே நின்று, காட்டில் இருப்பவர்களுக்கு யாராவது சோறு கொண்டு போகிறார்களா என்று பால் வாளியைத் திறந்து பார்ப்பார்கள். அப்படிப் பார்த்த ஸ்பெஷல் கான்ஸ்டபிளின் தோளில் தொங்கியது பெரும்பாலும் இந்தத் துப்பாக்கிதான். வயதான பாட்டிமார் சிலர் இன்றும் அதைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள்.

அந்தப் பெயர் அதன் குழலின் அளவிலிருந்து வந்தது. குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு; நமது கணக்கில் 7.7 மில்லிமீட்டர். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் அமைத்த போல்ட்டும், இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலையில் அமைத்த குழலும் சேர்ந்து ‘லீ-என்ஃபீல்டு’ என்று பெயர் பெற்றது. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் பட்டாளத்தின் கையில் இருந்தது இதுவே. கூடவே இந்திய, ஆஸ்திரேலிய, கனடியப் பட்டாளங்களும் இதையே தூக்கின. பல நாட்டுத் தொழிற்சாலைகளிலும் சேர்த்து ஒரு கோடிக்கும் மேல் செய்தார்கள்.

போர் முடிந்தது. ஒரு கோடித் துப்பாக்கியை என்ன செய்வது? கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டியது கொஞ்சம், உருக்கியது கொஞ்சம், வேறு நாட்டுப் படைகளுக்கு விற்றது கொஞ்சம். மிச்சத்தில் ஒரு பெரும் பங்கு, ஆளைச் சுடுவதற்கென்று பிறந்திருந்தும், மானையும் கரடியையும் பன்றியையும் சுடக் காட்டுக்குப் போயிற்று. பழைய பட்டாளத்துத் துப்பாக்கியை வாங்கித் துருப்போக்கி, கட்டையைச் செதுக்கி, வேட்டைக்கு ஏற்றதாக மாற்றிக்கொள்வது அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஒரு பெரிய கைத்தொழிலாகவே வளர்ந்தது. நமது ஜோகூர் மண்ணில் அது வளரவில்லை. ஏன் வளரவில்லை என்பது அந்தக் கைத்தொழிலைவிடச் சுவையான கதை.

காட்டுக்கென்று செய்த ஒன்று

லீ-என்ஃபீல்டு குடும்பத்தில் நம் நாட்டோடு மிகவும் ஒட்டியது ‘ஐந்தாம் நம்பர்’ ரைபிள். வெளிநாட்டு வேட்டைக்காரர்களும் பழம்பொருள் சேர்ப்பவர்களும் இதை ‘ஜங்கிள் கார்பைன்’ என்பார்கள். ‘காட்டுத் துப்பாக்கி’ என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய த்ரீ-நாட்-த்ரீ நீளமாகவும் கனமாகவும் இருந்ததால் கொடியும் முள்ளும் பின்னிய காட்டில் அதைத் தூக்கி நடப்பது பெரும்பாடு. ஆகவே குழலைக் குறைத்து, கட்டையைச் செதுக்கி, இரும்பில்கூட ஆங்காங்கே குடைந்து எடையைக் குறைத்தார்கள். மொத்த நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர், எடை மூன்றே கால் கிலோ. 1944 முதல் 1947 வரை லிவர்பூல் அருகிலுள்ள ஃபசாக்கர்லி தொழிற்சாலையும் பி.எஸ்.ஏ. நிறுவனமும் இதைச் செய்தன.

எடை குறைந்ததற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. குழல் குட்டையானதால் வாயில் நெருப்பு பெரிதாகச் சீறும். அதை மறைக்க முனையில் புனல் போல ஓர் இரும்புக் கூம்பு வைத்தார்கள். துப்பாக்கி இலேசானதால் தோளை உதைக்கும். அதற்காகப் பின்கட்டையில் ரப்பர் திண்டு வைத்தார்கள். அந்தத் திண்டு கட்டையின் அகலத்துக்கு இல்லாமல் சிறியதாக இருந்ததால், உதை முழுவதும் ஒரே இடத்தில் விழுந்து தோளைக் கன்ற வைத்தது. நம்மவர் வடித்த பாலிலிருந்து வந்த ரப்பர்தானோ என்னவோ!

இன்னொரு புகாரும் எழுந்தது. இன்று சரியாகக் குறி வைத்த துப்பாக்கி நாளை வேறு இடத்தில் சுடுகிறது என்று பட்டாளத்தார் முறையிட்டார்கள். அதையே காரணம் காட்டி 1947-இல் செய்வதை நிறுத்தினார்கள். குற்றம் அவ்வளவு பெரிதல்ல, புதுமாதிரித் துப்பாக்கிக்கு வழிவிட ஒரு சாக்கு என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியாயினும், நிறுத்திய மறு ஆண்டே மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1948 ஜூன் 16-ஆம் நாள் பேராக், சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உடனே பிரிட்டிஷ் பட்டாளம் காட்டுக்குள் இறங்கியபோது, கைக்கு வந்தது இந்தக் குட்டைத் துப்பாக்கியே. குறி தவறும் என்று ஒதுக்கியதை நமது காட்டில் ஆண்டுக்கணக்கில் தூக்கித் திரிந்தார்கள். நம் காட்டில் பத்து இருபது கஜத்துக்கு அப்பால் ஆளே தெரியாது. அங்கே குறி சற்று விலகினால் யாருக்குத் தெரியப்போகிறது?

பட்டறையில் நடப்பது என்ன?

பட்டாளத்துத் துப்பாக்கி வேறு, வேட்டைத் துப்பாக்கி வேறு. இரண்டும் சுடும் என்பதைத் தவிர அவற்றின் தேவைகள் ஒத்துப்போவதில்லை.

சிப்பாய்க்குத் தொடர்ந்து சுட வேண்டும். கொதிக்கும் குழலைக் கையால் பிடிக்க வேண்டும். முனையில் கத்தி செருகிக் குத்தவும் வேண்டும். ஆகவே குழலின் முனைவரை மரக்கட்டை மூடியிருக்கும். வேட்டைக்காரன் சுடுவது ஒரு வெடி, மிஞ்சினால் இரண்டு. அவனுக்கு அந்த மரம் வீண் சுமை. எனவே முதல் வேலையாக மேல்மூடியைக் கழற்றி, முன்கட்டையைப் பாதியில் அறுத்து, நுனியை உருட்டி இழைப்பார்கள். கத்தி மாட்டும் கொக்கி போய்விடும். இதிலேயே அரைக்கிலோ வரை குறையும். பிறகு பழைய எண்ணெய்க் கறையை எடுத்து, கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் ஊட்டுவார்கள். ஒரே நாளில் ஊட்ட முடியாது. உள்ளங்கையால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து, வாரக்கணக்கில் நடக்கும் வேலை அது. வால்நட் மரமாக இருந்தால் உள்ளிருக்கும் ரேகை மெல்ல மெல்ல எழுந்து வரும். மர வேலை தெரிந்தவர்களுக்கு அந்தச் சுகம் புரியும்.

அடுத்தது குறிமுள். பட்டாளத்து ரைபிளில் இரண்டாயிரம் கஜம்வரை அளவு போட்டிருக்கும். வேட்டைக்காரனுக்கு நூறு கஜமே அதிகம். அதை எடுத்துவிட்டுச் சிறு துளைக் கண்ணோ தொலைநோக்கியோ பொருத்துவார்கள். பர்மிங்காமின் பார்க்கர்-ஹேல் நிறுவனம் போருக்குப் பிறகு இந்த மாற்றிய துப்பாக்கிகளையும் அதற்கான துணைப் பொருள்களையும் விற்றே பேர் வாங்கியது.

இவை கண்ணுக்குத் தெரியும் வேலைகள். உயிர்போகும் வேலை உள்ளே இருக்கிறது. தோட்டாவின் பின்பக்கத்துக்கும் அதை அடைத்து நிற்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையே விடப்படும் இடைவெளி மயிரிழைக் கணக்கு. தேய்ந்த துப்பாக்கியில் அந்த இடைவெளி கூடினால், வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளை கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவனின் முகத்தை நோக்கிப் பின்வழியே வரும். இதைச் சரிப்படுத்த நான்காம் நம்பர் லீ-என்ஃபீல்டுக்கு போல்ட்டின் தலையை 0, 1, 2, 3 என்று நான்கு அளவுகளில் செய்து வைத்திருந்தார்கள். இடைவெளிக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். ஒரு துப்பாக்கியின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டிச் சுடக்கூடாது என்பதால்தான் இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்தார்கள்.

இரும்பைக் காய்ச்சுவதில் நேர்ந்த ஒரு விபரீதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலை 1903 மாதிரி ரைபிள்களைச் செய்த காலத்தில், உலையிலிருக்கும் உருக்கு பதமாகிவிட்டதா என்று தொழிலாளி நிறத்தைப் பார்த்தே முடிவு செய்வான். நம் கொல்லனும் அப்படித்தான் செய்கிறான். ஆனால் வெயில் நாளில் ஒரு நிறமாகவும் மப்பு நாளில் வேறு நிறமாகவும் தெரியும் அல்லவா? வெயிலில் போதாது என்று நினைத்து அதிகம் காய்ச்சிவிட்டார்கள். அப்படிக் காய்ந்த உருக்கு கண்ணாடி போல நொறுங்கியது. சில துப்பாக்கிகள் சுடுபவன் கையிலேயே உடைந்த பிறகுதான், முதல் உலகப் போர்க் காலத்தில் காரணம் தெரிந்து, வெப்பமானி வைத்தார்கள். எட்டு லட்சத்துக்குக் குறைந்த எண் கொண்ட அந்தத் தொழிற்சாலைத் துப்பாக்கிகளைச் சுட வேண்டாம் என்றே விவரம் தெரிந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். வெளியே பளபளவென்று மெருகேற்றினாலும் உள்ளே இருக்கும் குற்றம் தெரியாது.

அதனால்தான் இங்கிலாந்தில் சோதனைச்சாலை என்று தனியாக இருக்கிறது. லண்டனில் ஒன்று, 1813-இல் ஏற்பட்ட பர்மிங்காம் சோதனைச்சாலை ஒன்று. வழக்கமான தோட்டாவைவிட வலுவானதைப் போட்டு, ஆள் ஒதுங்கி நின்று சுட்டுப் பார்ப்பார்கள். உடையாமல் நின்றால் முத்திரை. முத்திரை இல்லாததை விற்பது அங்கே குற்றம்.

சிப்பாய்க்கு ஆகாதது, மானுக்கு ஆகும்

இனி குண்டு. இதில் ஒரு விநோதம். பட்டாளத்துக் குண்டின் ஈயத்தை முழுவதும் கடினமான உலோகத்தால் மூடியிருப்பார்கள். பட்டால் நேராகத் துளைத்துப் போய்விடும். கல்கத்தா அருகே டம் டம் என்ற ஊரில் இருந்த ஆயுதச் சாலையில் 1890-களில் நுனியில் ஈயம் தெரியும்படி ஒரு குண்டைச் செய்தார்கள். அது பட்டதும் பூப்போல விரிந்து பெரும் காயம் உண்டாக்கும். உலக நாடுகள் அதிர்ந்து, 1899-இல் ஹேக் மாநாட்டில் விரியும் குண்டைப் போரில் பயன்படுத்தக்கூடாது என்று அறிவித்தன. இன்று கல்கத்தா விமானத்தில் இறங்குபவர்கள் அந்த டம் டம்மில்தான் இறங்குகிறார்கள்.

வேட்டையில் நிலைமை தலைகீழ். முழு மூடிய குண்டால் மானைச் சுட்டால் அது துளையோடு ஓடிப்போய், எங்கோ ஒரு புதரில் இரண்டு நாள் துடித்துச் சாகும். ஆகவே பல நாடுகளில் பெரிய விலங்கைச் சுட விரியும் குண்டுதான் போட வேண்டும் என்று வேட்டைச் சட்டமே சொல்கிறது. மனிதனுக்குக் கொடுமை என்று தடுத்ததை விலங்குக்குக் கருணை என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் பயந்த அளவு

பட்டாளத் தோட்டாவைக் கண்டு அரசாங்கங்களும் பயந்தன. பட்டாளமும் பொதுமக்களும் ஒரே அளவுத் தோட்டாவைப் பயன்படுத்தினால், களவுபோன அரசாங்கத் தோட்டா கலகக்காரன் துப்பாக்கிக்குப் பொருந்திவிடும் அல்லவா? இந்தியாவில் த்ரீ-நாட்-த்ரீயைப் பொதுமக்கள் கையில் விடாமல் தடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் வேட்டைக்காரர்களுக்கு .315 என்ற வேறு அளவு வந்தது. அதுவும் ஒரு பட்டாளத் தோட்டாவே, ஆனால் ஆஸ்திரியாவின் பட்டாளத்துடையது. இந்தியாவில் திருடிப் போட ஆள் இல்லை. விடுதலைக்குப் பிறகும் கல்கத்தா அருகிலுள்ள இச்சாப்பூர் அரசாங்கத் தொழிற்சாலை அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் .315 வேட்டை ரைபிளைச் செய்து விற்றது. உடம்பு பட்டாளத்துடையது, வாய் மட்டும் மாறியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் இதே கதை. அங்கே த்ரீ-நாட்-த்ரீ தோட்டாவின் கழுத்தை நெருக்கிச் சிறு குண்டு செருகி, ‘இது பட்டாள அளவு அல்ல’ என்று சட்டத்துக்குக் கணக்குக் காட்டினார்கள். குறும்புக்காரர்கள் எங்கும் உண்டு.

பட்டாள அமைப்பு வேட்டைக்குப் போய்ப் பெயர் பெற்றதற்கு இந்தியாவிலேயே சிறந்த சான்று இருக்கிறது. குமாவூன் மலைப்பகுதியில் 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை ஜிம் கார்பெட் 1907-இல் சுட்டார். அதற்குப் பரிசாக மாகாண ஆளுநர் அவருக்குக் கொடுத்தது .275 ரிக்பி ரைபிள். ஆங்கிலக் கடை, ஆங்கிலப் பெயர். ஆனால் உள்ளே இருந்தது ஜெர்மானியர் பால் மௌசர் அமைத்த பட்டாளப் போல்ட். தோட்டாவும் 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாதான். தென்னாப்பிரிக்கப் போரில் போயர்கள் அதே தோட்டாவால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தினார்கள். எதிரியின் தோட்டா என்று சொன்னால் துரைமார் வாங்குவார்களா? மில்லிமீட்டரை அங்குலமாக்கி .275 என்று பேர் மாற்றி விற்றார்கள். கார்பெட்டின் அந்த ரைபிளை ரிக்பி நிறுவனம் 2015-இல் திரும்ப வாங்கியது.

சேலம் ஜில்லாவிலிருந்து வந்த குடும்பங்களுக்கு இன்னொரு பெயர் தெரிந்திருக்கலாம். ஜவளகிரி, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன். அவர் தூக்கியது .405 வின்செஸ்டர். அந்த 1895 மாதிரியையே முதல் உலகப் போரில் ரஷ்யப் பட்டாளத்துக்காக லட்சக்கணக்கில் செய்தார்கள். இங்கே வேட்டைத் துப்பாக்கி பட்டாளத்துக்குப் போயிருக்கிறது.

மலிவான பட்டாளத் துப்பாக்கியின் கதையில் கறுத்த பக்கமும் உண்டு. 1960-களில் அமெரிக்காவில் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் பணம் அனுப்பினால் ரைபிள் வீட்டுக்கு வந்துவிடும். 1963 மார்ச் மாதத்தில், ஹைடெல் என்ற பொய்ப் பெயரில் ஒருவர் சிகாகோ கடைக்குப் பணம் அனுப்பி, இத்தாலியப் பட்டாளத்தின் பழைய கார்கானோ ரைபிள் ஒன்றை வாங்கினார். வேட்டைக்காரர்களுக்கென்று அதன்மேல் தொலைநோக்கி பொருத்தியிருந்தார்கள். தொலைநோக்கியோடு விலை 19 டாலர் 95 காசு. அதே ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் டல்லஸ் நகரில் அதிபர் கென்னடியைக் கொன்றது அந்தத் துப்பாக்கி என்று விசாரணைக் குழு முடிவு செய்தது. 1968-இல் அமெரிக்காவில் வந்த சட்டம் தபால் வழித் துப்பாக்கி விற்பனையை நிறுத்தியது. வெளிநாட்டுப் பழைய பட்டாளத் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் அடைத்தது.

ஜோகூரில் யார் சுட்டார்கள்?

நமது ஜோகூருக்கு வேட்டை புதிதல்ல. 1895 முதல் 1959 வரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் பேர்பெற்ற புலி வேட்டைக்காரர். பாடம் செய்த வேட்டை விலங்குகளை ஜோகூர் பாரு இஸ்தானா புசாரில் வைத்திருந்தார்கள். காட்டை அழித்து ரப்பர் போட்ட காலத்தில் புலி லயத்துப் பக்கம் வருவதும், துரை துப்பாக்கியோடு கிளம்புவதும் சாதாரணம். 1976 முதல் புலியைச் சுடவே கூடாது. 2016-2020 கணக்கெடுப்பின்படி நாட்டின் காடுகளில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு. அதில் சில நம் எண்டாவ்-ரொம்பின் பக்கம் உலவுகின்றன.

தோட்டத்து ஆளுக்குப் புலியைவிடப் பன்றியே தொல்லை. மறுநடவு செய்த செம்பனைக் கன்றின் குருத்தைத் தோண்டித் தின்னும்; லயத்துக்குப் பின்னால் போட்ட மரவள்ளியை ஒரே இரவில் கிளறிவிட்டுப் போகும். நம்மவர் காட்டுப்பன்றிக் கறியை வேண்டாம் என்றதும் இல்லை. அதைச் சுட்டவர் கையில் இருந்தது ரைபிள் அல்ல, மலாய்க்காரர் ‘செனாப்பாங் பாத்தா’ என்று சொல்லும் மடக்குத் துப்பாக்கி. யாழ்ப்பாணத்துக் கிராணிமார் அதைத் ‘துவக்கு’ என்பார்கள். குழலில் புரி இல்லை. தோட்டாவிலிருந்து ரவைகள் சிதறிப் போகும். நாற்பது கஜம் தாண்டினால் வேகம் விழுந்துவிடும்.

அதுவே அதன் நன்மை. த்ரீ-நாட்-த்ரீ குண்டு வினாடிக்கு இரண்டாயிரத்து நானூறு அடிக்குமேல் வேகத்தில் கிளம்புகிறது. பன்றியைத் தவறவிட்டால் அது நிற்காது; மைல் கணக்கில் போகும். நமது தோட்டம் எப்படிப்பட்டது? இந்த நிரையில் பன்றி, அடுத்த நிரையில் விடியுமுன்னே தலைவிளக்கோடு பால் வெட்டும் பெண், அதற்கப்பால் லயம், பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில். மிருகம் என்று நினைத்து மனிதரைச் சுட்டுவிட்ட செய்திகளை மடக்குத் துப்பாக்கி விஷயத்திலேயே பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். பட்டாள ரைபிளை இங்கே வேட்டைக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தாய்மார்களிடம் கேட்டால் போதும்.

மடக்குத் துப்பாக்கிக்கும் போலீஸ் உரிமம் வேண்டும்; அதைப் புதுப்பிக்க வேண்டும். பன்றி சுட பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் அனுமதி வேறு. கம்பிச் சுருக்கு வைப்பதும் குற்றம். 2021-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் வந்தபிறகு, காட்டில் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடுவதே வேண்டாத வேலை.

மண்ணுக்குள் கிடப்பது

ஒருவர் கேட்கலாம்: கடையில் வாங்க முடியாது, சரி, தோட்டத்து மண்ணிலேயே கிடைத்தால்?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 1942 ஜனவரியில் ஜப்பானியர் ஜோகூருக்குள் இறங்கியபோது மூவார், பக்ரி, பாரிட் சூலோங் சாலை நெடுக இந்திய, ஆஸ்திரேலியப் படைகள் போரிட்டுப் பின்வாங்கின. பாரிட் சூலோங்கில் காயம்பட்டுக் கிடந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோரை ஜப்பானியர் கொன்றுபோட்டார்கள். ஓடியவர்கள் ஆயுதங்களைப் புதரிலும் ஆற்றிலும் விட்டுவிட்டு ஓடினார்கள். ஜப்பானியரை எதிர்த்துக் காட்டுக்குள் போனவர்கள் அவற்றில் பலவற்றைப் பொறுக்கிக்கொண்டார்கள். போர் முடிந்து 1945 டிசம்பரில் அந்தப் படை கலைந்தபோது ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்துத் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கினார்கள். எல்லாம் வரவில்லை. காட்டில் புதைத்து வைத்ததில் ஒரு பகுதிதான் 1948-இல் வெளியே வந்தது. புதைத்தவனே இறந்துபோன இடங்களும் இருக்கும். மறுநடவுக்கு இயந்திரம் வைத்து மண்ணைப் புரட்டும்போது பழைய குண்டு வெளிவருவது நாட்டில் நடந்துவருகிறது.

மண்ணில் எழுபது எண்பது ஆண்டுகள் கிடந்த ரைபிளை எண்ணெய் போட்டுத் தேய்த்து உயிர்ப்பித்துவிடலாம் என்று இளவட்டங்கள் நினைக்கக்கூடும். முடியாது. நமது மண்ணின் ஈரமும் புளிப்பும் குழலின் உள்ளே குழிகுழியாக அரித்திருக்கும். மேலே துருவைச் சுரண்டினால் கீழே எவ்வளவு இரும்பு எஞ்சியது என்று கண்ணால் அளக்க முடியாது. பழைய தோட்டாவின் மருந்தும் கெட்டிருக்கும். அது வெடிக்காமலும் போகலாம், வெடித்தால் சுடுபவன் பக்கமும் வெடிக்கலாம். பழைய இரும்புக் கடையில் போட்டுக் காசாக்கலாம் என்று சுத்தியலால் தட்டுவது அதைவிட மோசம்.

சட்டம் இன்னும் கடுமை. அவசரகாலத்தில் உரிமம் இல்லாத ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்றே விதித்திருந்தார்கள். அதற்குப் பின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் அந்தத் தண்டனையை வைத்திருந்தது. 1977-இல் பினாங்கில், ஒரு கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததற்காக 14 வயதுப் பையன் ஒருவனுக்கு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. நாடே பதறியது, வெளிநாட்டிலும் பேசினார்கள். கடைசியில் மன்னிப்பு வழங்கி, அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அந்தப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் ரத்தாயிற்று. ஆனால் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 1971-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கூடுதல் தண்டனைச் சட்டமும் இருக்கின்றன. பின்னதன்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டுவரை சிறை. ஆறுக்குக் குறையாத பிரம்படி. ‘பாட்டன் காலத்தது, சுடாது, சுவரில் அழகுக்கு மாட்டியிருக்கிறேன்’ என்று நாமாக முடிவு செய்துகொள்ள முடியாது. சுடுமா சுடாதா என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை.

ஆகவே மண்வெட்டியில் இரும்பு தட்டுப்பட்டு, அது துப்பாக்கி போலவோ குண்டு போலவோ இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், லயத்துக்குத் தூக்கி வர வேண்டாம், படம் பிடிக்கப் பிள்ளைகளைக் கூட்ட வேண்டாம். இடத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்து, ஒருவரைத் தள்ளி நிற்க வைத்து, மண்டோரிடமோ ஆபீஸிலோ சொல்லி, போலீஸ் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். குண்டு என்றால் அதற்கென்று பயிற்சி பெற்ற பிரிவு வரும். வீட்டில் இறந்துபோன பெரியவரின் உரிமத் துப்பாக்கி இருந்தாலும் அப்படித்தான்: உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. மகன் எடுத்து அலமாரியில் வைத்துக்கொள்ளக் கூடாது. உடனே நிலையத்தில் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும்.

வெளிநாடுகளில் இப்போது காற்று திரும்பி வீசுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டையை அறுத்து எறிந்தவர்களின் பிள்ளைகள், பட்டாளத்தில் இருந்தது போலவே மறுபடி ஆக்க வேண்டும் என்று பழைய முன்கட்டையையும் கத்திக் கொக்கியையும் தேடி அலைகிறார்கள். அறுக்காத துப்பாக்கிக்குத்தான் விலை. கனடாவின் வடகோடியில் பனிக்கரடிக்குக் காவலாக ரேஞ்சர் படையினர் 2010-களின் பின்பகுதிவரை பழைய நான்காம் நம்பர் லீ-என்ஃபீல்டையே தூக்கினார்கள். கடுங்குளிரிலும் அதன் போல்ட் இறுகாது.

நம் பிள்ளைகளுக்கு த்ரீ-நாட்-த்ரீ எப்படி இருக்கும் என்று காட்ட ஆசையிருந்தால், கோலாலம்பூர் போலீஸ் அரும்பொருளகத்தில் அவசரகாலத்தில் கைப்பற்றிய ஆயுதங்களை வைத்திருக்கிறார்கள். போர்ட் டிக்சனில் தரைப்படை அரும்பொருளகம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் போகும்போது வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அவர்கள் சொல்லப்போவது அங்கே எழுதி வைத்திருப்பதைவிட அதிகமாக இருக்கும்.